மூன்றாவது வண்டி

“இன்னும் வேகமா சுத்து.”

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெடலைக் கையால் பிடித்துச் சுற்றினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான இடத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த சைக்கிளின் பின்சக்கரம் விர்ரென்று சுழன்றது. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அவள் கணவர் கண்களை மூடிக்கொண்டார்.

“விடு.”

கையை எடுத்தாள். சக்கரம் தானாக ஓடியது. டிக்டிக்கென்று சீரான சத்தம். அவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

“முன்சக்கரம்.”

ஹேண்டிலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தைத் தட்டிவிட்டாள். அது நிற்பதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

“வேண்டாம். முன் அச்சு வளைஞ்சிருக்கு.”

“கடைக்காரர் இதுதான் இருக்கறதுலயே நல்ல வண்டின்னு சொன்னாரே.”

“விக்கறவன் வேற என்ன சொல்லுவான்?” மூச்சு வாங்கியது. “திருப்பிக் கொடுத்துடு.”

அடுப்படியிலிருந்து அவருடைய அக்காவின் குரல் வந்தது. “மூணாவது வண்டிடா இது! உனக்குப் பொண்ணு பாக்க ஒரே தடவைதான் போனோம். சைக்கிளுக்கு இத்தனையா?”

“அதனாலதான் இதையாவது பாத்து எடுக்கணும்கறேன்.”

அக்கா சிரித்தாள். கதவோரம் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகளும் சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சக்கரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கம்பியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

அவரை எல்லோரும் பிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். இயந்திரங்களுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போவார். திடீரென்று நின்று ஒன்றைக் காட்டி, “இதோட பேரிங் நாளைக்குப் போயிடும்” என்பார். மறுநாள் போய்விடும். அந்த மில்லின் பஞ்சுத் தூசிதான் நுரையீரலுக்குள் போய்த் தங்கியிருந்தது. பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒன்றரை மாதம் ஆகிறது.

அவர் படுத்த பிறகுதான் அவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்கு ஷிப்ட். முதலில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. போன மாதம் வேனை நிறுத்திவிட்டார்கள். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். அதனால் நாலரைக்குக் கிளம்பி நடந்தாள். எட்டு மணி நேரம் ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் நடந்து வந்தாள். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக, நமக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்று தோன்றியது. ஓட்டத் தெரியாது. புது வண்டியின் விலையைக் கேட்டதும் கடை வாசலிலேயே திரும்பிவிட்டாள்.

“பழசு வாங்கு” என்றார் பிட்டர். “ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டு.”

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பழைய சைக்கிள் கடை. கடைக்காரருக்குப் பிட்டரை மில் காலத்திலிருந்தே தெரியும். அதனால் அவளுடைய வேலை அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவர விட்டார். முதலில் ஒரு சிவப்பு வண்டி. பளபளவென்று இருந்தது. பிட்டர் பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். கடகடவென்று ஆடியது. “உள்ள தேஞ்சு போச்சு. மூணு மாசம் தாங்காது.” கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இரண்டாவது ஆண்கள் வண்டி, விலை குறைவு. “ஏம்மா, குரங்கு பெடலா போடப்போற?” என்று அக்கா கேட்டாள். பிட்டர் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி, ஹேண்டிலுக்குக் கீழே புதுப் பெயிண்ட் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். “இங்க பாரு, உடைஞ்சு பத்தவச்சது. பள்ளத்துல இறங்கினா உன் பல்லு போயிடும்.” கடைக்காரர் தனக்கே தெரியாது என்று சத்தியம் செய்தார்.

மூன்றாவதுதான் இந்தக் கரும்பச்சை லேடீஸ் வண்டி. கடைக்காரர் சீட்டை நன்றாக இறக்கி அவளை உட்காரச் சொன்னார். “ரெண்டு காலும் முழுசா தரையில படுதா? அதான் வேணும். புதுசா கத்துக்கறவங்களுக்கு ஓட்டறது ஒண்ணும் பெரிசில்ல. நிறுத்தறதுதான் முதல்ல தெரியணும். பழகினப்புறம் சீட்ட ஏத்திக்கலாம்.” கால்கள் தரையில் இருக்க, இரண்டு பிரேக்குகளையும் அழுத்தியபடி அவள் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க மனம் வரவில்லை.

அந்த வண்டியைத்தான் இப்போது திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்.

“நாளைக்கு ஷிப்ட் இருக்கு” என்றாள். “இன்னிக்கு விட்டா அடுத்த லீவு வரைக்கும் போக முடியாது.”

“நடந்துதான போற? இன்னும் ஒரு வாரம் நட.”

அவள் ஸ்டாண்டை எடுத்து, மகள் கதவைப் பிடித்துக்கொள்ள, வண்டியை வெளியே தள்ளினாள். அது எங்கும் இடிக்காமல் வெளியே வந்தது.

தள்ளிக்கொண்டு போகும்போது தையல் மிஷின் ஞாபகம் வந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, வீட்டிலேயே இருந்து தைக்கலாம் என்று ஒரு பழைய மிஷின் பார்த்தாள். பிட்டர் வந்து, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, வேண்டாம் என்றார். பிறகு தெருமுனையில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்தது. கூரை ஒழுகும் என்றார். மழைக்காலத்தில் போய்ப் பார்த்தாள். ஒழுகத்தான் செய்தது. ஜன்னல் வைத்த ஒரு வீடு வந்தது. ஜன்னலுக்கு வெளியே சாக்கடை. அவள் போய்ப் பார்த்த ஒவ்வொன்றிலும் அவர் சொன்ன குறை உண்மையாகவே இருந்தது. அதனால் சண்டை போடவும் வழியில்லை. ஆனால் குறையில்லாத ஒன்றை அவர் எப்போதும் காட்டியதும் இல்லை.

கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

“இதுக்கு என்னம்மா சொன்னாரு?”

“முன் அச்சு வளைஞ்சிருக்காம்.”

“பிட்டர் சொன்னா தப்பா இருக்காது. இருங்க, கழட்டியே பாத்துடலாம்.”

ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்கமும் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை உருவினார். அச்சின் இரு முனைகளிலும் இருந்த கோன் நட்டுகளைத் திருகி எடுத்தார். ஒரு தட்டில் பேரிங் குண்டுகள் கிரீஸோடு உதிர்ந்தன. அச்சை இழுத்து, மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, கல்லாப்பெட்டி மேல் கிடந்த கண்ணாடித் தகட்டில் வைத்து விரலால் தள்ளினார்.

அது பென்சில் மாதிரி உருண்டது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு துள்ளல் இல்லை, ஒரு நெளிவு இல்லை. மறுபடியும் தள்ளினார். குனிந்து கண்ணாடிக்கும் அச்சுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். அவளையும் பார்க்கச் சொன்னார்.

“நேராத்தாம்மா இருக்கு.”

ஜெயித்த குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, “உடம்பு ரொம்ப முடியலையோ அவருக்கு?” என்று கேட்டார்.

அந்தக் கனிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிட்டரின் காது போய்விட்டது என்று கடைக்காரர் நினைக்கிறார். இருக்கலாம். மற்றதெல்லாம் போய்விட்டது, காது மட்டும் எத்தனை நாள் இருக்கும்? ஆனால் அந்தக் கண்கள் திறந்த விதம் அவளுக்குத் தெரியும். சக்கரம் நிற்கும் வரைகூட அவர் கேட்கவில்லை. கேட்க அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் கண்ணைத் திறந்தாரா? அப்படியென்றால், அன்றைக்குத் தையல் மிஷினும் இப்படித்தானா?

“மாட்டிக் கொடுங்க” என்றாள். “இதையே எடுத்துக்கறேன்.”

“அவர் கோவிச்சுக்கப் போறாரும்மா.”

“கோவிச்சுக்கட்டும்.”

பையில் கொண்டுவந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, வேலை அட்டையை வாங்கிக்கொண்டாள். நேராக வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்க வேண்டும். வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. வழி நெடுக அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால் குரலை எவ்வளவு உயர்த்துவது என்று தெரியவில்லை.

மூடிக்கிடந்த கிடங்குக்குப் பின்னால் லாரிகள் திரும்புவதற்காக சிமெண்டுத் தளம் போட்ட ஒரு பெரிய வெட்டவெளி இருந்தது. அங்கே வந்ததும் கால்கள் நின்றுவிட்டன. யாருமே இல்லை. ஒரு சுற்று மட்டும், என்று நினைத்தாள்.

சீட்டில் உட்கார்ந்து, கடைக்காரர் சொன்னபடி, பெடலில் கால் வைக்காமல் தரையை உந்தி உந்திப் போனாள். பிறகு ஒரு காலைத் தூக்கினாள். பிறகு இரண்டையும். வண்டி சாய்ந்து, முழங்கை தரையில் உரசி விழுந்தாள். எழுந்து யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாள். இரண்டாம் தடவை செருப்பு கழன்று எங்கோ போனது. செருப்பைத் தேடி எடுத்து, இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள்.

எத்தனையாவது தடவை என்று தெரியாது. ஒரு உந்தலில் கால்கள் இரண்டும் பெடலைப் பிடித்துக்கொண்டன. வண்டி விழவில்லை. கிடங்கின் சுவர் பக்கத்தில் நகர்ந்துகொண்டே போனது. சுவர் முடியப்போகிறது, திரும்ப வேண்டும் என்று பயந்தாள். அதற்குள் திரும்பியிருந்தாள். தளத்தின் நான்கு ஓரங்களையும் சுற்றி வந்தாள். முகத்தில் பட்ட காற்றை அவளே உண்டாக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஏதோ சத்தம் போட்டாள். அது என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு சுற்று. இன்னும் ஒன்றே ஒன்று.

அவள் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. அவள் வீட்டில் அத்தனை செருப்புகள் கிடந்ததே இல்லை. வண்டியைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்தது. மறுபடி சாய்த்தாள்.

மகள் கதவில் நின்றிருந்தாள். “அம்மா” என்றாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

தலையணைகளில் இரண்டை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் நேராகப் படுத்திருந்தார். கால்மாட்டில் அக்கா உட்கார்ந்து அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மாதமாக அவருக்குத் துடைத்துவிட்டது, சட்டை மாற்றியது, எச்சில் கிண்ணம் கழுவியது எல்லாம் அந்தக் கைகள்தான். அவள் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அக்காதான் இருந்தாள். இன்றும் இருந்தாள்.

“எங்க போயிருந்த?” என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். “ரெண்டு தடவை கேட்டான், அவ எங்கன்னு. சைக்கிள் கடைக்குன்னு சொன்னேன். மூணாவது தடவை கேக்கல.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் பார்த்தார்கள். சேலையெல்லாம் மண். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அக்காவும் அப்போதுதான் பார்த்தாள்.

“விழுந்து எழுந்து பழகிட்டு வந்திருக்கா” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “இங்க அவன் மூச்சுக்கு அல்லாடி அல்லாடிப் போய்ச் சேர்ந்துட்டான். இவ அங்க சைக்கிள் ஓட்டிட்டு இருந்திருக்கா.”

அது பொய்யில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், சைக்கிள் நின்ற இடத்தில், உட்கார்ந்தாள். அவர் முகம் யாரோ கேட்டதற்கு யோசித்துப் பதில் சொல்லப்போகிறவர் முகம் மாதிரி இருந்தது. அவள் அவர் காதைப் பார்த்தாள். சின்னக் காது. மடலில் முடி நரைத்திருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்வி வாய்க்குள் அப்படியே கிடந்தது. அதை இனி யாரிடம் கேட்பது? அழுகை வரவில்லை. வராததையும் அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகலில் மில்காரர்கள் வந்தார்கள். நான்கு பேர். முன்னால் வந்தவர் பிட்டருக்கு மேலே இருந்த பழைய மேஸ்திரி. அவருக்கும் அதே இருமல். உள்ளே வந்து பார்த்துவிட்டு, நிற்க முடியாமல் வெளியே போய்ச் சுவரோரம் நின்றார். மயானத்துக்கு ஏற்றிப்போகும் வண்டி வருவதற்கு நேரமிருந்தது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்கள். ஒருவர் சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். இன்னொருவர் செயினைத் தொட்டார். மேஸ்திரி ஹேண்டிலைத் தூக்கி முன்சக்கரத்தைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்தார்.

“யார் வண்டி இது?”

“அவ வாங்கினது” என்றாள் அக்கா வாசலில் இருந்தபடி. “இன்னிக்குக் காலைலதான்.”

மேஸ்திரி இன்னொரு முறை சுற்றிவிட்டார். “கோட்டமே இல்ல. பழைய வண்டில இப்படி ஒரு சக்கரத்த நான் பாத்ததில்ல.” தலையை ஆட்டினார். “இதெல்லாம் சாதாரண ஆளு பாத்து எடுக்கற வண்டியில்ல. பிட்டர் காது பட்டிருக்கு இதுல.” உள்ளே திரும்பி, அவளைப் பார்த்துக் கேட்டார். “அவன்தானம்மா பாத்து எடுத்துக் கொடுத்தது?”

பெண்களின் பேச்சு நின்றது. அக்காவின் முகம் திரும்பியது. கதவோரம் நின்ற மகள் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். காலையில் அப்பா வேண்டாம் என்று சொன்னது அவள் காதிலும்தான் விழுந்தது.

“ஆமா” என்றாள் அவள். “அவர்தான் பாத்தார்.”

“அதான பாத்தேன்!” மேஸ்திரியின் குரல் உடைந்தது. “பாருங்கய்யா. படுத்த படுக்கையில இருந்துகிட்டு, போறதுக்கு முன்னாடி பொண்டாட்டிக்கு ஒரு நல்ல வண்டிய பாத்துக் கொடுத்துட்டுப் போயிருக்கான்.”

அக்கா எழுந்து வெளியே போனாள். சைக்கிள் சீட்டில் இரண்டு கைகளையும் வைத்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்து, அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். “எனக்குத் தெரியாம போச்சேடா” என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஈரத்துணி கொண்டுவந்து அவளுடைய முழங்கையைத் துடைத்துவிட்டாள். “பாவம், அவர் சொன்னாருன்னுதான கத்துக்கப் போயிருக்கு” என்றாள் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க அந்தப் பேச்சுதான். வண்டி வந்து அவரை ஏற்றியபோது, முன்பின் தெரியாத ஒருவர் கூட, கடைசி வரைக்கும் குடும்பத்தை நினைத்த மனுஷன் என்று சொல்லிக்கொண்டு போனார்.

அவள் பார்த்து எடுத்தது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான். அதுவும் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. சேர்த்துவிட்டதும் அவளேதான்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, யாரோ கொடுத்தனுப்பிய சோற்றை அவள் மகளுக்கு முன்னால் வைத்தாள். மகள் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“அப்பா வேண்டாம்னுதான சொன்னாரு?”

“ஆமா.”

“அச்சு நிஜமாவே வளைஞ்சிருந்துச்சா?”

“இல்ல.”

மகள் யோசித்தாள். “அப்ப அப்பாவுக்கு ஏன் அப்படிக் கேட்டுச்சு?”

அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் நின்று, மறுபடி கேட்டது.

“கடைசில காது மந்தமாயிடுச்சு அவருக்கு” என்றாள் அவள். “சாப்பிடு.”

ஆறாம் நாள் லீவு முடிந்தது. விடிகாலையில் அக்கா கதவைத் திறந்துவிட்டு, “பாத்துப் போம்மா” என்றாள். இப்போதெல்லாம் அவள் அப்படித்தான் பேசினாள். சைக்கிளைத் தினமும் துணியால் துடைத்தும் வைத்தாள். தம்பி வாங்கிக் கொடுத்த வண்டி.

பெரிய ரோட்டில் தள்ளிக்கொண்டே போய், ஆள் நடமாட்டம் இல்லாத உள்வழியில் ஏறி ஓட்டினாள். எதிரே ஒரு பால் வண்டி வந்தபோது மட்டும் இறங்கி நின்றாள். சலவைக்கூடத்தின் கேட்டுக்குள் நுழைந்தபோது ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. இத்தனை சீக்கிரம் அவள் வந்ததே இல்லை.

காவலாளி கொட்டாவி விட்டபடி எழுந்து வந்தார். நடந்ததற்கு வருத்தம் சொன்னார். பிறகு வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“நல்ல வண்டியா இருக்கே. பூட்டு எங்க?”

அவள் சைக்கிளைப் பார்த்தாள். பூட்டு என்ற ஒன்று யார் வாயிலிருந்தும் வரவில்லை.

“பூட்டில்லாம இங்க நிறுத்தாதீங்க. போன வாரம் கூட ஒண்ணு போச்சு. அப்புறம் என்னக் கேக்கக் கூடாது.”

உள்ளே போய், கழித்துக்கட்டிய துணிகளின் கூடையைக் கிளறினாள். ஓரம் கிழிந்த ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு இருந்தது. அதை நீளவாக்கில் கிழித்து, முறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முன்சக்கரத்தின் கம்பிகளுக்குள் விட்டு, கேட்டுக்குப் பக்கத்து இரும்பு வேலியில் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

“இத அவுக்க எவ்வளவு நேரமாகும்?” என்றார் காவலாளி.

“தெரியும்” என்றாள்.

உள்ளே மணி அடித்தது. அவள் குனிந்தபடியே, அந்த முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் கையால் இழுத்து இறுக்கினாள்.